உங்கள் பெயரில் இருந்த எண்

அக்கா,

இன்று காலை ஓசூரில் ஒரு கம்பெனியின் வரவேற்பு மேசையிலிருந்து பழைய போனைக் கழற்றினேன். ரிசீவரில் தலைவலித் தைலத்தின் வாசனை. அங்கே உட்கார்ந்திருந்தது யாரென்று எனக்குத் தெரியாது. உங்கள் ரிசீவரும் இப்படித்தான் மணக்கும்.

உங்கள் கம்பெனிக்கு நான் வந்ததும் இதே வேலைக்குத்தான். உங்கள் மேலாளர்கள் பெங்களூரில் குடியிருந்தார்கள். வெளியிலிருந்து கம்பெனிக்குப் போன் போட்டு ஒரு ரகசிய எண்ணை அழுத்தினால், ஆபரேட்டர் இல்லாமலே உள்ளே எந்தப் போனுக்கும் பேசலாம். அந்த வசதியை அமைக்க, நான் வேலை பார்க்கும் டெலிபோன் ஏஜென்சி என்னை அனுப்பியது. எண் இல்லாதவர்களுக்குப் பதிவு செய்த பெண் குரல் பதில் சொல்லும். அந்த வேலை முடிந்தால் ஆபரேட்டரான உங்கள் நாற்காலி தேவையில்லை. உங்களுக்கும் அது தெரியும்.

"கார்ல போறப்பகூட திட்டணும்னு ஆசை பாருடா அவங்களுக்கு" என்று சிரித்தீர்கள்.

தொழிலாளிகளின் செல்போனைக் கேட்டிலேயே வாங்கிப் பூட்டிவிடுவார்கள். வீட்டிலிருந்து யாராவது கூப்பிட்டால் நீங்கள் நோட்டில் எழுதி வைத்து, ஷிப்ட் முடிந்த பிறகுதான் சொல்ல வேண்டும். குழந்தைக்கு வலிப்பு வந்தாலும் மிஷின் நிற்கக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம். அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். 'டிஸ்டர்ப் ஆகக் கூடாது' என்பார்கள்.

நீங்கள் நோட்டைத் தொட்டதே இல்லை. கன்னடமோ தெலுங்கோ தமிழோ, குரலைக் கேட்டே அவசரமா என்று முடிவு செய்வீர்கள். உடனே தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில், மிஷின்கள் பக்கத்தில் இருக்கும் லைன் போனுக்கு அடிப்பீர்கள். "சார், மாதேஷுக்குக் கூரியர் வந்திருக்குது, கையெழுத்து வேணுமாம், அனுப்புங்க." மாதேஷ் ஓடி வந்து உங்கள் போனில் வீட்டுக்குப் பேசுவார். "இவனுங்களுக்கு மட்டும் எத்தன கூரியர்மா வரும்?" என்று சூப்பர்வைசர் கேட்டபோது, "ஆன்லைன்ல வாங்கிக் குமிக்கறாங்க சார், என்ன பண்றது" என்றீர்கள்.

வேலை முடிய இரண்டு நாள் இருக்கும்போது என்னிடம் வந்தீர்கள்.

"நான் போய்ட்டா இவங்க ஊட்ல இருந்து யாரு கூப்ட்டாலும் அந்த மிஷின் பொம்பளதான் பேசுவா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. லைன் போனுக்கு மட்டும் போற மாதிரி ஒரு நம்பர் குடுடா."

"பட்டியல்ல பேர் இல்லாம குடுக்க முடியாதுக்கா. எச்.ஆர். பாப்பாரு."

"என் பேருல போடு. ஆபரேட்டருக்கு ஒண்ணு வேணும்னு நான் சொல்லிக்கறன்."

எச்.ஆர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். நீங்கள் கடைசி இரண்டு நாளும் தொழிலாளிகளின் வீடு வீடாகப் போன் போட்டு எண்ணைச் சொன்னீர்கள். "சோறு தின்னியான்னு கேக்கறதுக்கு இல்ல, தெரியுதா?"

பிறகு நடந்ததை மாதேஷ் சொன்னார். இனி வெளியிலிருந்து லைன் போனுக்கு நேராக வருவது மேலாளர்களின் அழைப்பு மட்டும்தான் என்று சூப்பர்வைசருக்குச் சொல்லியிருந்தார்கள். மணி அடித்ததும் எழுந்து நின்று "எஸ் சார்" என்பாராம். "சார் இல்லீங்க, கல்லாவியில இருந்து மாதேஷு சம்சாரம் பேசறன்" என்று பதில் வரும். எண்ணைக் கொடுத்தது எந்தப் பெரிய ஆளோ என்ற பயத்தில் மறுபேச்சில்லாமல் ஆளைக் கூப்பிட்டுவிடுவார். அந்த அம்மா வரவேற்பறையில் வந்து அழுதிருந்தால் உட்காரச் சொல்லியிருக்க மாட்டார்கள். மகளைப் பாம்பு கடித்த அன்று மாதேஷ் காலை பத்து மணிக்கே பஸ் ஏறிவிட்டார்.

நான்கு மாதம் ஓடியது. ஒரே எண் பல ஊர்களிலிருந்து பயன்படுவதை எச்.ஆர். அறிக்கையில் பார்த்து, "இது யாரோடது?" என்று பராமரிப்புக்குப் போயிருந்த என்னைக் கேட்டார். உங்கள் பெயரைச் சொன்னேன். அதோடு நிற்காமல், லேப்டாப்பைத் திறந்து எண்ணை அழித்து, அழித்ததை அவருக்குக் காட்டவும் செய்தேன்.

சாயங்காலம் உங்களைக் கூப்பிட்டேன். பாகலூர் பக்கம் மருந்துக் கடையில் சேர்ந்திருந்தீர்கள்.

"மன்னிச்சிருங்கக்கா. உங்க பேரச் சொல்லிட்டன்."

"என் நம்பருக்கு என் பேரத்தான சொல்லணும்? என்னை என்ன பண்ணுவானுங்க, வேலைய விட்டா தூக்குவானுங்க?" சிரித்தீர்கள். "நம்பர எடுத்துட்டானா?"

"நானே எடுத்துட்டன்."

"எடுக்கச் சொன்னானா?"

"இல்லக்கா."

"சொல்றதுக்கு முன்னாடியே எதுக்குடா எடுத்த?"

அதற்கு இப்போது சொல்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம்கூட இல்லை, அக்கா. அந்த எச்.ஆர். என்னை நல்ல பையன் என்று நினைக்க வேண்டும் என்ற ஆசை. அதுதான் கேவலம். அந்த வெட்கத்தில் உங்களைப் பார்க்க வரவே இல்லை. போன ஆடியில் மாரடைப்பில் போய்விட்டீர்கள் என்று மாதேஷ் சொன்னபோது நான்கு நாள் கடந்திருந்தது.

இன்று மதியம் இந்தக் கம்பெனியின் எச்.ஆர். பட்டியலைக் கொடுத்தார். பதினொரு பெயர், எல்லோரும் மேலாளர்கள்.

"லைன்ல இருக்கறவங்க வீட்டுக்கும் அவசரத்துக்கு ஒண்ணு போடலாமா சார்?"

"அதெல்லாம் எதுக்குப்பா? டிஸ்டர்ப்."

"சரி சார். வேண்டாம்னு சொன்னீங்கன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க." வேலை முடித்த படிவத்தை நீட்டினேன்.

வாயால் சொல்ல அவருக்கு அரை நொடி ஆகவில்லை. பேனாவை எடுத்தார், வைத்தார். என் முதலாளியின் எண்ணைக் கேட்டார். கொடுத்தேன். கூப்பிடாமல் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த நம்பரப் போட்டுத் தொலை. ஒரு புகார் வந்துது, எடுக்கச் சொல்லிடுவேன்."

"நீங்க சொன்னா அன்னைக்கு எடுக்கறன் சார்."

இதற்கு ஏஜென்சி என்னை என்ன செய்யுமோ தெரியாது. பட்டியலில் பன்னிரண்டாவது வரியைச் சேர்த்தேன். பொறுப்பாளர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினேன், அக்கா.