டெகனின் பக்கத்தில் ஓர் ஆள்

போர்த்வென், ஞாயிறு

கப்பலில் இருக்கும் என்னவருக்கு,

இங்கே மழை விடவில்லை. நான் நலம். மீன்கடை லோவென்னாவின் மகள் டெகன் மட்டும் வெள்ளிக்கிழமையோடு நம் பள்ளியிலிருந்து நின்றுவிட்டாள்.

அவளுக்கு வலிப்பு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளின் சம்பளத்தை இதுவரை உள்ளூர் கவுன்சில் கொடுத்துவந்தது. புதிய விதிப்படி, லண்டன் அரசே பிள்ளைகளின் தலையை எண்ணி நேராகப் பள்ளிகளுக்குப் பணம் அனுப்புகிறது. நம்முடையதைப் போன்ற சின்னப் பள்ளிக்கு அது போதவில்லை. கவுன்சிலில் கேட்டேன். "நாங்க என்ன பண்றது மேடம்? எங்க கையக் கட்டிப் போட்டுட்டாங்களே," என்றார் அங்கிருந்தவர்.

பிறகு லோவென்னாவை வரச் சொன்னேன். பணத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. "டவுன்ல பெரிய ஸ்கூல் இருக்கு. அங்க இவள இன்னும் நல்லா பாத்துப்பாங்க," என்றேன். அங்கேயும் இப்படிப்பட்ட ஆட்களை நிறுத்திவிட்டார்கள், இதே கதைதான் என்று தெரிந்தே சொன்னேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற யாரு டீச்சர் எங்களப் பத்தி இவ்ளோ யோசிப்பா?"

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "பரவாயில்லம்மா" என்றேன். ஒரு தலைமையாசிரியை பேசும் பேச்சா அது?

வெள்ளிக்கிழமை டெகன் கையசைத்துவிட்டு, "திங்கக்கெழம வரேன் மிஸ்," என்றாள். நானும் கையசைத்தேன்.

நீங்கள் கரைக்கு வந்ததும் லோவென்னா என்னைப் புகழ்வாள். தயவுசெய்து தலையாட்டாதீர்கள். அந்தப் பொய் என் ஒருத்தியோடு இருக்கட்டும்.

உங்கள் மனைவி