என்னிடம் கேட்காத வோட்டு

சிவமயம்

குருக்கள்மடம்,
யுவ வருஷம் பங்குனி மாதம் 3ந் திகதி.

என் அன்பு மகன் கனகசிங்கம் அறிய அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் எல்லோரும் பிள்ளையார் காவலில் சுகம். உன் சுகத்தை விசாரித்து எழுத வேண்டிய தேவை இல்லை, போன கிழமைப் பேப்பரில் பார்த்துவிட்டேன். கோட்டில் வழக்குப் பேசுகிற அப்புக்காத்து நல்லரத்தினம் ஐயா எலெக்சனில் வென்று மாலையோடு நிற்கிறார், பக்கத்தில் நீ நிற்கிறாய், கன்னம் சற்றுத் தசை வைத்திருக்கிறது, உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அவருடைய பெண்சாதி பூரணவதி அம்மா பல்லெல்லாம் தெரிய நிற்கிறா. உன் அத்தான் அந்தப் படத்தைக் கத்தரித்து முன்கூடத்துச் சுவரில் ஒட்டப் போனார். ஒட்டுவதென்றால் அந்த அம்மாவை வெட்டி எடுத்துவிட்டு ஒட்டுங்கள் என்றேன். நடுவில நிக்கிறவவ எப்பிடி மாமி வெட்டுற என்று சிரிக்கிறார். அதனால் படம் இன்னும் ஒட்டவில்லை, அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அப்பா படுவான்கரையில் வயல் வாடியிலேயே இருக்கிறார், வெட்டு முடிந்து சூடடிப்பு நடக்கிறது, எங்கள் வயல்வட்டையின் பள்ளப் பக்கத்தில் தண்ணீர் நின்றபடியால் பதர் கூடுதல், மற்றப்படி குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிவப்பிப் பசு நாகு கன்று போட்டிருக்கிறது. அக்காவுக்கு இது ஏழாம் மாதம், கால் வீங்குகிறது, ஆஸ்பத்திரி மிஸ்ஸி உப்பைக் குறைக்கச் சொன்னா, அவள் கேட்கிறாளில்லை.

மகன், உனக்குக் கோபம் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். தை மாதம் நீ பேப்பருக்கு எழுதியதை நான் மூன்று தரம் படித்தேன். அப்பா அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறார், வாடிக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். கொழும்பில் உன் வயதுப் பையன்கள் கட்சி கட்சி என்று கொடி பிடிக்கிறார்கள், கட்சி வந்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரு பாயில் இருந்து சாப்பிடமாட்டார்கள், அந்தக் காலத்தில் ஊரார்தான் வெற்றிலை வட்டாவோடு பெரிய மனிதரிடம் போய் எங்களுக்காக நில்லுங்கள் என்று கேட்டார்கள், இப்போது நிற்கிறவர் வீடு வீடாக இரக்கிறார், இது நம் வழக்கத்துக்கு அடுக்காது என்று எழுதியிருந்தாய். எழுதினது முழுவதும் சரி. எனக்கும் இந்தக் கூச்சல் பிடிக்காது, எங்கள் கோயிலில் எந்தக் குடிவழிக்கு எந்த மரியாதை என்று யாரும் கத்தியா தீர்க்கிறார்கள். என் வயிற்றில் பிறந்தவன் இவ்வளவு யோசிக்கிறானே என்று உச்சி குளிர்ந்துதான் போனேன். ஆனால் அதற்குப் பிறகு நீ எழுதிய கடுதாசிகளில் யோசனை குறைந்துகொண்டே வந்தது, அந்த அம்மாவின் பேர் கூடிக்கொண்டே வந்தது. மாமி பிட்டு அவித்தா, மாமி என் உடுப்புக்கு ஆள் வைத்துக் கஞ்சி போட்டா, மாமிக்கு என் எழுத்துப் பிடிக்கும். எந்த வழியில் மகன் அவ உனக்கு மாமி. அவர்கள் வீட்டில் தங்கிப் படிக்கிறாய், நல்லது, நன்றி மறக்கக் கூடாது, அதற்கு அம்மா என்று சொல்லு, நோனா என்று சொல்லு, மாமி என்று ஏன் சொல்லுகிறாய். அவவுடைய பிட்டு எங்கள் வீட்டுப் பிட்டுப் போலவே இருக்கிறது என்று வேறு எழுதினாய். அந்தக் கடுதாசியைப் படித்த அன்று நான் பிட்டு அவிக்கவில்லை, அப்பா கடையில் பாண் வாங்கித்தான் சாப்பிட்டார்.

பிறகு கேள்விப்பட்டதெல்லாம் உன் கையெழுத்தில் வரவில்லை, ஊரார் வாயில்தான் வந்தது. மாசி பிறந்ததும் நீங்கள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்து மட்டக்களப்புப் பட்டினத்தில் அவர்களுடைய பங்களாவில் இறங்கினீர்கள் என்று புடவை மூட்டையோடு வருகிற காத்தான்குடி ஆதம்பாவாதான் எனக்குச் சொன்னார். உங்கட மகன் பேசினா ஊர் வாய் பொத்திக் கேக்கும் கா, எங்கட சந்தியிலயும் பேசினவர், என்னிட்டக் கிடந்த பச்சைச் சீத்தைத் துணி எல்லாம் கொடிக்கே முடிஞ்சு போச்சு என்றார். உங்கள் ஐயாவுக்கு வோட்டுப் போடப் பச்சைப் பெட்டி என்றும், எதிர்த்து நிற்கிற அரிசி ஆலைக்காரருக்கு மஞ்சள் பெட்டி என்றும், மஞ்சள்காரர் சாராயம் கொடுக்கிறார், நீங்கள் வெற்றிலை மட்டுந்தான் கொடுக்கிறீர்கள் என்றும் சொன்னார். இரப்பது கேவலம் என்று எழுதிய கையாலேயே வட்டாவைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாய்ப் போகிறாயாக்கும் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சரி, பிள்ளை இவ்வளவு கிட்ட வந்துவிட்டான், இன்றைக்கோ நாளைக்கோ வருவான் என்று தயிர் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் அந்தத் தயிர் புளித்து, மோராகக் கரைத்து வெட்டுக்காரருக்கு அனுப்பினேன். மறுகா இன்னொரு சட்டி போட்டேன். அதற்குள் களுவாஞ்சிகுடியிலிருந்து ஆச்சிப்பிள்ளை வந்தாள். தன் மகள் வீட்டுக் கதையையே ஒரு நாள் முழுக்கச் சொல்லுகிறவள், அன்றைக்கு உன் கதையைச் சொன்னாள். உங்கட மகன் எங்கட வீட்ட வந்தவர், பாயில இருந்து வெத்திலை போட்டவர், வட்டாவை என்ட காலடியில வைச்சு, அம்மா, உங்கட வோட்டை எங்களுக்குத் தரவேணும் எண்டு கேட்டவர், என்ன மரியாதை கா என்றாள். நான் ஓம் ஓம் என்று தலையாட்டிக் கொண்டு பாக்கு வெட்டினேன். பாக்குவெட்டி விரலில் பட்டது அவளுக்குத் தெரியாது. ஆச்சிப்பிள்ளையின் காலடியில் வட்டா வைத்து அம்மா என்று கூப்பிட உனக்கு நேரம் இருந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் உங்கள் கார் எங்கள் தெருவால் வந்தது. கல்முனைப் பக்கம் கூட்டமாம். பச்சைக் கொடி பறக்கிறது, பின்னால் சைக்கிளில் பத்துப் பேர். நான் முழுகிவிட்டு ஈரத் தலையோடு தெருப் படலைக்கு ஓடி வந்தேன். முன் ஆசனத்தில் நீ இருந்தாய், முகமெல்லாம் புழுதி. பின்னால் இருந்து அந்த அம்மா தன்னுடைய லேஞ்சியை எடுத்து நீட்டினா, நீ வாங்கி முகத்தைத் துடைத்தாய், துடைத்த கையோடு இரண்டு கையையும் கூப்பித் தெருவில் நின்ற சனத்தைக் கும்பிட்டுக் கொண்டு வந்தாய். எங்கள் படலை வந்தது, என்னையும் கும்பிட்டாய், கார் போய்விட்டது. அந்த லேஞ்சியைக் கூட நான் பொறுத்துக் கொள்வேன், ஆனால் அந்தக் கும்பிடு, மகன். வோட்டுக்காரர் எல்லோருக்கும் போட்ட அதே கும்பிடு. என்னைக் கண்டு கும்பிட்டாயா, காணாமல் கும்பிட்டாயா, அதற்கு மட்டும் பதில் எழுது. வேறு ஒன்றும் எழுதாவிட்டாலும் இதற்கு எழுது. அன்றைக்கு இரண்டாம் சட்டித் தயிரை நான் நாய்க்கு ஊற்றினேன். எனக்கு எரிச்சல்தான், பொறாமைதான், அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது. எங்கள் பக்கத்து வழக்கப்படி ஆண்பிள்ளை பெற்றவள் என்றைக்கோ ஒரு நாள் அவனைப் பெண் வீட்டுக்குக் கொடுக்கத்தான் வேண்டும், அதற்கு நான் மனதைத் தயார் பண்ணித்தான் வைத்திருக்கிறேன். மேளம் அடித்துத் தாலி கட்டிக் கொடுப்பது வேறு, எலெக்சனுக்குப் பறி கொடுப்பது வேறு.

நீ ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று அப்பாவுக்கு எழுதினாயாமே. அந்தக் கடுதாசியை அவர் எனக்குக் காட்டாமல் வைத்திருந்தார், நானே எடுத்துப் படித்தேன். உறவைச் சொல்லி வோட்டுக் கேட்பது இழுக்கு, குடிவழி பார்த்து வோட்டுப் போடுகிற பழக்கத்தை நானே என் வீட்டில் தொடங்கக் கூடாது, வோட்டு முடியும் வரைக்கும் அம்மாவின் படலைக்குள் இந்த அரசியலைக் கொண்டு வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். படித்த பிள்ளையின் நியாயம், அப்பா கண் கலங்கிப் போனார். எனக்குக் கலங்கவில்லை. நீ பழைய வழக்கத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று பேப்பரில் எழுதுகிறவன் அல்லவா, வெளியூர் போன பிள்ளை திரும்பி வந்தால் முதலில் தாய் வீட்டு வாசலில் கால் கழுவ வேண்டும், அதைவிடப் பழைய வழக்கம் எது என்று உன் அப்புக்காத்து ஐயாவிடம் கேட்டு எழுது. அரசியலைப் படலைக்கு வெளியே வைத்துவிட்டு நீ மட்டும் உள்ளே வந்திருக்கலாம். அதையும் விடு. வோட்டு முடிந்தால் வருவாய் என்றுதானே அந்தச் சத்தியத்துக்கு அர்த்தம். வோட்டு முடிந்தது, எண்ணி முடிந்தது, நீ அவர்களோடு கொழும்பு ரயில் ஏறிவிட்டாய்.

இனி நான் சொல்லப் போவதை அத்தானிடம் சொல்லாதே, அவர் வாத்தியார், சட்டம் பேசுவார். வோட்டு நாள் அப்பா வாவித் துறை கடந்து வந்து, குளித்து, வெள்ளை வேட்டி உடுத்து, நானும் அவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அப்பா போகிற வழியில், அவன் கேக்காட்டி என்ன, பச்சைக்குத்தான் போடு, எல்லாம் உன்ட மகனுக்காகத்தான் என்றார். நானோ மஞ்சள் பெட்டியில் போடுவதென்று வீட்டிலேயே முடிவு பண்ணித்தான் வந்தேன். மஞ்சள்காரர் ஒரு மாதிரியான ஆள் என்று எனக்கும் தெரியும், அவருக்காக இல்லை, அந்த அம்மாவின் சிரிப்பில் ஒரு பல்லாவது குறையட்டும் என்றுதான். சீட்டில் முத்திரை அடித்துக் கையில் தந்தார்கள், நான் மறைப்புக்குப் பின்னால் போனேன். ஒரு மேசையில் பச்சைப் பெட்டியும் மஞ்சள் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது, வேறு ஒருவரும் இல்லை. மஞ்சளுக்குக் கையை நீட்டினேன், சின்ன வயதில் காய்ச்சலோடு என் மடியில் கிடந்தாயே, அந்த முகம் வந்து நின்றது, கை போகவில்லை. பச்சைக்கு நீட்டினேன், அந்த லேஞ்சி வந்து நின்றது, அதற்கும் கை போகவில்லை. வெளியே இருந்த உத்தியோகத்தர் இருமி, போட்டாச்சா அம்மா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு, சீட்டை மடித்து இடுப்புச் சேலைக் கொய்யகத்துக்குள் செருகிக் கொண்டு வந்துவிட்டேன். வாசலில் அப்பா, பச்சைதானே என்று கேட்டார், அதற்கும் ஓம் என்றேன். கல்யாணம் முடித்த இருபத்தெட்டு வருஷத்தில் அவருக்கு நான் சொன்ன முதல் பொய், அதுவும் உன்னால்.

உங்கள் ஐயா வென்றுவிட்டார். ஆயிரத்துச் சொச்சம் கூடுதலாம், அத்தான் சொன்னார். என்னுடைய ஒன்று இல்லாமலே வென்றுவிட்டார், அதுவும் எனக்கு எரிச்சல்தான், தோற்றிருந்தால் நீ அழுதிருப்பாய், அப்போது இந்தச் சீட்டு என்னைப் பிடித்துத் தின்றிருக்கும். கட்சி வந்தால் தாயும் பிள்ளையும் வேறு வேறு நிறமாய்ப் போவார்கள் என்று பயந்து எழுதினாயே, பயப்படாதே, உன் தாய் ஒரு நிறத்திலும் இல்லை.

வெயிலில் தொப்பி இல்லாமல் திரியாதே. கூட்டங்களில் கத்தித் தொண்டையைக் கெடுக்காதே, இஞ்சிச் சாற்றில் தேன் விட்டுக் குடி. சோதனைக்குப் படி, ஐயாவின் வேலை முடிந்துவிட்டது, உன் வேலை முடியவில்லை. அந்த லேஞ்சியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிடு, ஆறு புது லேஞ்சி கரை தைத்து இத்துடன் அனுப்புகிறேன். அந்த அம்மாவுக்கும் என் வந்தனம் சொல்லு, பிள்ளையைப் பட்டினி போடாமல் பார்க்கிறா, அதற்கு நன்றி இல்லாதவள் அல்ல நான். பிள்ளையார் துணை, நீ நீண்ட ஆயுளோடும் நல்ல பேரோடும் இருக்க வேண்டும், தாய்மாமன் என்று மடியில் வைத்துக் கொஞ்ச அக்காவின் பிள்ளை பிறக்கும்போது நீ இங்கே இருக்க வேண்டும். வருஷப் பிறப்புக்குக் கட்டாயம் வா, அப்பா கையால் கைவிசேஷக் காசு வாங்க வேண்டும். தயிர் போட்டு வைப்பேன்.

மறக்க வேண்டாம், தனியாக வா. வட்டாவில் வெற்றிலை எடுத்து வா, நான் பாயில் இருப்பேன், ஆச்சிப்பிள்ளையிடம் கேட்டாயே, அதே மாதிரி என் முன்னால் வைத்து, அம்மா என்று கூப்பிட்டுக் கேள். சீட்டு என் ஓலைக் கொட்டப்பெட்டியில் பாக்குக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. காலம் கடந்தது, இனி ஒருவருக்கும் உதவாது என்று தெரியும். ஆனாலும் நீ கேட்டால் தருவேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா,
வல்லிபுரம் சின்னத்தங்கம்.