பெட்டியின் பின்பக்கம்

மாமாவுக்கு,

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் அனுப்பிய வீடியோ கேம் வந்து சேர்ந்தது. போன் உங்கள் அண்ணனிடம்தான் இருக்கிறது. அவர் ஸ்பீக்கரில் போட்டுத்தான் என்னைப் பேச விடுகிறார். அதனால்தான் அன்றைக்கு "சரிங்க, சரிங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வயதை மட்டும் பார்த்துக் கொடுத்துவிடாதே, கீழே விவரம் இருக்கும், அதையும் படி என்றீர்கள். நல்ல யோசனைதான். பெட்டியின் பின்னால் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. நம் இலக்கியாவுக்குப் பன்னிரண்டு முடிந்துவிட்டது. வெறும் எண்ணை நம்பியிருந்தால் கொடுத்திருப்பேன்.

கீழே இருந்த ஆங்கிலத்தை அவளே படித்துச் சொன்னாள். அடிதடி, கெட்ட வார்த்தை, குடி. நான் வேண்டாம் என்றேன்.

"இன்னாம்மா, பெரியப்பா தெனம் பண்றதுதான இது? இதுக்குப் போயி வாணான்ற?" என்று சிரித்தாள்.

உங்கள் அண்ணன் வாசலில்தான் உட்கார்ந்திருந்தார். அவள் வாயைப் பொத்தினேன்.

அவர் வெளியே விடாததால் நான் தியாகதுருகம் பஸ் ஏறியே இரண்டு மாதமாகிறது. இந்தக் கடிதத்தை அவள் டீச்சர்தான் தபாலில் சேர்ப்பார். பதிலையும் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடுங்கள்.

நீங்கள் சொன்னபடியே விவரத்தைப் பார்த்து, கேமை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். பிள்ளையை எங்கே வைப்பது என்று எழுதுங்கள்.

உங்கள் மகளின் அம்மா