விழத் தெரிந்தவன்

7 ஜூன் 1993, திங்கள்

காலையில் இடுப்பு மடங்கவில்லை. சாக்ஸ் போடுவதற்கே கட்டிலோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இந்த லட்சணத்தில் நான் ஹீரோ.

ஆமாம், ஹீரோ. ஐம்பத்தொரு வயதில், முதல் தடவையாக. ஹாங்காங், மணிலா, லாஸ் ஏஞ்சலஸ் என்று எங்கே போனாலும் எனக்கு ஒரே வேலைதான் கொடுத்தார்கள்: கடைசிச் சண்டையில் அடிவாங்கிச் சாவது. கண்ணாடியை உடைத்துக்கொண்டு செத்திருக்கிறேன், கூரையிலிருந்து விழுந்து செத்திருக்கிறேன், ஒருமுறை கோழி லாரி மேல் விழுந்து செத்தேன். கோழி இறகு ஒரு வாரம் மூக்கிலிருந்து வந்தது.

இப்போது சொந்த நாட்டில், கோல்ட் கோஸ்ட்டில், வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் படப்பிடிப்பு. நான் ஓய்வுபெற்ற கடலோரப் போலீஸ்காரன். என் தம்பியைக் கொன்ற கடத்தல்காரனை இறால் படகுத்துறையில் வைத்து அடித்து நொறுக்குகிறேன். படம் முடியும்போது நிற்பது நான்.

என் மனைவி மொரீனிடம் கதையைச் சொன்னேன். "நீ கடைசிவரைக்கும் உயிரோட இருக்கிற படமா? அப்ப எங்கம்மாவையும் கூட்டிட்டுப் போலாம்" என்றாள்.

10 ஜூன், வியாழன்

ஒத்திகை. வில்லன் வந்தான். டெஸ் கில்ரே. குவீன்ஸ்லாந்தில் அவனைத் தெரியாதவர்கள் இன்னும் பிறக்காதவர்கள்தான். போன வருஷம்தான் ரக்பியிலிருந்து விலகினான். டெஸ்ஸைக் கீழே சாய்க்க நாலு பேர் வேண்டும் என்று வானொலியில் சொல்லிச் சொல்லி, அது மாநிலச் சட்டம் மாதிரியே ஆகிவிட்டது. தயாரிப்பாளர் நார்ம் அவனைப் போட்டது அந்தப் பெயருக்காகத்தான். நடிப்புக்காக இல்லை என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

நான் குத்தினேன். அவன் நின்றான். உதைத்தேன். நின்றான். தாடைக்கு ஒரு சாண் தள்ளி என் முஷ்டி போகிறது, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"டெஸ், தலையை மட்டும் கொஞ்சம் திருப்பினா நல்லாருக்கும்" என்றான் இயக்குநர் டேமியன். மெல்போர்ன் பையன், யார் மனதையும் நோகடிக்கமாட்டான்.

"திருப்பினேனே."

டேமியன் என் பக்கம் திரும்பினான். "கிளைவ், நீங்க இன்னும் கொஞ்சம் பலமா குத்திப் பாருங்களேன்."

நானா? என் குத்திலா குறை?

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது புரியாது. சினிமாச் சண்டையில் அடிப்பவன் காற்றில் கையை வீசுகிறான், அவ்வளவுதான். அது அடியா தடவலா என்று முடிவு செய்வது வாங்குகிறவன். கழுத்து முதலில், பிறகு தோள், அப்புறம் கால் தரையை விட வேண்டும். இத்தனை வருஷம் எத்தனை சோப்ளாங்கிகளை நான் வீரன் ஆக்கியிருக்கிறேன். என் முறை வரும்போது எதிரில் நிற்பது ஒரு மின்கம்பம்.

15 ஜூன், செவ்வாய்

இன்றும் மின்கம்பம்.

18 ஜூன், வெள்ளி

மதியச் சாப்பாட்டில் டெஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உள்ளே இறைச்சி வைத்துச் சுட்ட மீட் பை, அதில் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தின்றுகொண்டிருந்தான். உனக்கு விழத் தெரியவில்லையா, விழ இஷ்டமில்லையா என்று நேராகவே கேட்டேன்.

"பெருசு, சொன்னா கோவிச்சுக்காத" என்றான். "எங்க ஊரு பண்டபெர்க். சர்ச்சுல பாதிரியாரே என்னைப் பார்த்தா, 'விழுந்துடலையே டெஸ்?'னுதான் கேப்பாரு. உன் கையால விழுந்தேன்னு வையி, பெட்ரோல் போடக்கூட நான் வெளிய போக முடியாது."

"சினிமாடா அது."

"எனக்குத் தெரியும். பண்டபெர்க்குக்குத் தெரியாதே."

அவனிடம் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல். கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டாவது போகலாம். தட்டில் மிச்சமிருந்த மீட் பையை என் பக்கம் தள்ளினான். தின்றேன். சூடாகத்தான் இருந்தது.

22 ஜூன், செவ்வாய்

ஒத்திகையை வீடியோவில் எடுத்ததைப் போட்டுப் பார்த்தோம். திரையில் நான், மாவு மூட்டையோடு தகராறு பண்ணுகிற கிழவன். விளக்குப் போடுகிற பையன்கள் சிரிப்பை அடக்க இருமினார்கள்.

நார்ம் தலையைச் சொறிந்தபடி ஒரு யோசனை சொன்னார். "சண்டை நடுவுல துறையில இருக்கிற ஐஸ் மெஷின் அவன் மேல சாஞ்சுட்டா? டெஸ்ஸுக்கும் மானம் போகாது, ஐஸ் மெஷின்தானே."

ஐஸ் மெஷின்! வாழ்க்கையில ஒரே ஒரு தடவ ஜெயிக்கப்போறேன், அதையும் ஐஸ் மெஷின் ஜெயிக்குமாம். நான் பக்கத்துல நின்னு வேடிக்க பார்க்கணுமாம். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்து, காரில் உட்கார்ந்து, சாவியைத் தேடினேன். கையில்தான் இருந்தது.

25 ஜூன், வெள்ளி

இன்று காட்டினேன். எப்படி விழுவது என்று.

வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. "சரி, மாத்திக்கலாம். நீ அடி, நான் வாங்கறேன். ஒரு தடவ பாரு" என்றேன். டெஸ் சிரித்துக்கொண்டே கையை வீசினான். ரக்பிக்காரன் வீச்சு, கொசு விரட்டுவது மாதிரி. அதை வைத்தே பின்னால் பறந்தேன். ஐஸ் பெட்டிகள் சரிந்தன, நான் ஈரத் தரையில் வழுக்கிக்கொண்டு போய்த் தூணில் முட்டி, எழுந்து, அடுத்த உதைக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றி விழுந்தேன். இடுப்பு வலி எங்கே போனதென்று தெரியவில்லை. வருஷக்கணக்கில் இப்படி விழுந்ததில்லை.

எல்லோரும் கைதட்டினார்கள். சமையல் வண்டியிலிருந்துகூட ஓடிவந்து பார்த்தார்கள். டெஸ் தன் முஷ்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இனிமேலாவது இவனுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. டேமியனைக் கேட்டேன். "சும்மா, பாடத்துக்கு இருக்கட்டும்னு எடுத்தேன்" என்றான்.

28 ஜூன், திங்கள்

கதையை மாற்றிவிட்டார்கள். கடலோரப் போலீஸ்காரன் டெஸ். கடத்தல்காரன் நான்.

"அந்த வீடியோவை சிட்னில பணம் போடறவங்களுக்கு அனுப்பினேன், கிளைவ். ஒரு மணி நேரத்துல போன் வந்துடுச்சு" என்றார் நார்ம். "டெஸ்ஸைப் பார்த்தா நெஜமாவே வீரன் மாதிரி இருக்கான்யா. நீயே சொல்லு, இல்லையா?"

இருந்தான். நான்தானே செய்தேன்.

யார்கிட்ட போய்ச் சொல்றது இத? எவனும் பிடுங்கல. எவனும் ஏமாத்தல. நானே தட்டுல வச்சுக் குடுத்தேன். சுமாரா விழுந்து காட்டியிருக்கலாம்ல? பாதி விழுந்திருக்கலாம்ல? கைதட்டு கேட்டதும் கூட ஒரு சுத்து வேற. யாருக்கு அந்தச் சுத்து? எதுக்கு?

29 ஜூன், செவ்வாய்

மொரீனிடம் இன்னும் சொல்லவில்லை.

1 ஜூலை, வியாழன்

சொன்னேன். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டே, "அப்ப அம்மாவுக்கு டிக்கெட் வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்றாள். பிறகு திரும்பினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை அணைத்தாள்.

"விலகிடேன் கிளைவ்."

"விலகினா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? வில்லனா நடிக்க கௌரவம் குறுக்க வருதாம் அவனுக்குன்னு பேசுவாங்க."

"பேசிட்டுப் போகட்டும்."

அவளுக்கு என்ன. பல் மருத்துவமனையில் நாலு நாள் வேலை. வாயைத் திற என்றால் திறக்கிறார்கள், மூடு என்றால் மூடுகிறார்கள். அவளை யாரும் ஐஸ் பெட்டி மேல் தூக்கிப் போடுவதில்லை. இதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்தேன். வேகாத உருளைக்கிழங்கைத்தான் சாப்பிட்டோம்.

20 ஜூலை, செவ்வாய்

வெள்ளிக்கிழமை கடைசிச் சண்டை. முடிவு செய்துவிட்டேன். நிற்கப்போகிறேன். அவன் குத்தட்டும், உதைக்கட்டும், நான் அசையமாட்டேன். "திருப்பினேனே" என்று நானும் சொல்வேன். குவீன்ஸ்லாந்து முழுக்கப் பார்க்கட்டும், தங்கள் வீரன் மின்கம்பத்தோடு சண்டை போடுவதை.

ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

23 ஜூலை, வெள்ளி

டேக் ஆரம்பிக்கும் முன் டெஸ் பக்கத்தில் வந்து நின்றான். வாயில் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துக்கொண்டே இருந்தான். முகம் வெளிறியிருந்தது.

"காலைலருந்து ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டேன்" என்றான். "எம்பதாயிரம் பேர் முன்னாடி ஆடினப்பகூட இப்படி இல்ல. கேலிக்கூத்தா போயிடுச்சுன்னா... பார்த்துக்க, கிளைவ்."

இந்தத் தடவை பெருசு என்று இல்லை, கிளைவ் என்று கூப்பிட்டான்.

முதல் டேக். அவன் குத்தினான். நின்றேன். உதைத்தான். நின்றேன். எங்கோ ஒருவன் இருமினான், எனக்குப் பழக்கமான அதே இருமல். டெஸ்ஸின் காது நுனிவரை சிவந்துவிட்டது. டேமியன், "கட்... கிளைவ், ஏதாச்சும்...?" என்று இழுத்தான்.

இதற்காகத்தானே காத்திருந்தேன்? இனித்திருக்க வேண்டாமா? வாயில் மண் விழுந்த மாதிரிதான் இருந்தது. நான் பழிவாங்கியது டெஸ்ஸை என்றுகூடத் தோன்றவில்லை. கண்ணெதிரில் ஒரு சண்டைக் காட்சி செத்துக்கிடந்தது, அதைக் கொன்றது நான். அடிவாங்குகிற காட்சி ஒன்றைக்கூட நான் கெடுத்தது கிடையாது. நிற்பது எனக்கு அசிங்கமாக இருந்தது.

"கால் வழுக்கிடுச்சு" என்றேன். வழுக்காமல் நின்றதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். டெஸ்ஸிடம் போய், "என்னப் பார்க்காத. எனக்குப் பின்னாடி இருக்கிற தூணப் பாரு. அதை உதைக்கிறதா நினச்சுக்க. மிச்சம் என் வேல" என்றேன்.

இரண்டாவது டேக்கில் போனேன். ஐஸ் பெட்டிகள், தூண், தடுப்புக் கம்பி, கடைசியில் தண்ணீர். ஜூலை மாதத் தண்ணீர், இங்கே நடுக் குளிர்காலம். மேலே வந்தபோது துறை முழுக்கக் கூச்சல், டெஸ்ஸை ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒரு துண்டு தர ஆள் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

24 ஜூலை, சனி

உடம்பில் வலிக்காத இடம் காது மட்டும்.

18 பிப்ரவரி 1994, வெள்ளி

பிரிஸ்பேனில் படம் வெளியானது. மொரீன் வந்தாள். அவள் அம்மா வரவில்லை.

டெஸ் என்னைத் தண்ணீரில் தள்ளியதும் தியேட்டரே எழுந்து நின்றது. பின்னாலிருந்த ஒருவன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "பார்த்தியா எங்காள? பார்த்தியா?" என்றான். திரையில் செத்த மூஞ்சியும் அவன் உலுக்கிக்கொண்டிருந்த மூஞ்சியும் ஒன்றுதான் என்று அவனுக்கு உறைக்கவே இல்லை. பார்த்தேன் என்றேன். வேறென்ன எதிர்பார்த்தேன்?

முன்வரிசையில் டெஸ் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்தச் சண்டை முடியும்வரை குனிந்தே உட்கார்ந்திருந்தான். படம் முடிந்ததும் அவனைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. நாங்கள் பக்கவாட்டுக் கதவு வழியாக வந்துவிட்டோம்.

வீட்டுக்கு வரும் வழியில் மொரீன், "நீ விழுந்தது நல்லா இருந்துச்சு" என்றாள்.

13 மார்ச், ஞாயிறு

டெஸ் போன் செய்தான். "வீட்டுக்கு வா, பீர் இருக்கு." போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

நேராகக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனான். துணிக்கொடிக்குக் கீழே பழைய மெத்தைகள் மூன்று. கொடிக்கம்பம் ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அவன் மனைவி ஷெரில் ஈரத் துணி மூட்டையோடு வந்து என்னிடம் முறையிட்டாள். "படம் வந்ததுலருந்து இதே வேலதான். துணி காயப்போட இடமில்ல. நீங்களாச்சும் சொல்லுங்க." மூட்டையை வேலிமேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

டெஸ் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தைமேல் ஏறினான்.

"தியேட்டர்ல எல்லாரும் என்னப் பார்த்தாங்க. நான் உன்னப் பார்த்தேன். ஒத்திகைல நீ கத்தினப்ப எனக்கு வெளங்கல. நான் ஒண்ணுமே பண்ணல, பெருசு. வெறுமன நின்னுட்டு இருக்கேன் அதுல."

"விடு. முடிஞ்ச கத."

"அடி."

"பைத்தியமா உனக்கு?"

"கேமரா கிடையாது. யாரும் பார்க்கல. அடிய்யா, கையத் தூக்கு."

தூக்கினேன். வலது கை, தாடைக்கு ஒரு சாண் தள்ளி, எப்போதும் போல.

டெஸ் விழுந்தான். மகா மோசமாக. தலை தாமதமாகத் திரும்பியது, முழங்கால் முதலில் மடிந்தது, பாதி உடம்பு மெத்தையைத் தாண்டிப் புல்லில் கிடந்தது. எந்த ஸ்டண்ட் மாஸ்டரும் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் விழுந்தான். நிலம் அதிர்ந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். வாரம் தவறாமல் பாரில் டெஸ்ஸின் பெருமை பேசுகிற ஆள் என்று ஷெரில் பிறகு சொன்னாள்.

"டெஸ்? யாருய்யா உன்னக் கீழ தள்ளினது?"

பயிற்சி என்று சொல்லியிருக்கலாம். தடுக்கிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவன் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

"இவருதான்" என்றான். "கிளைவ் ஹாட்ரெல். ஒரே அடி."

அவர் குழாயை மூடிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.