கப்பலின் மேல்தளத்தில் அப்பா நடக்கிறார்

அன்புள்ள பாப்பா,

நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் இந்தக் காகிதத்தை எடுத்தேன். நாங்கள் இருவரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்டால் முழுக்கப் படித்துவிட்டு நீயே சொல்லு. போனில் சொல்லியிருக்கலாம்தான், ஆனால் இந்தக் கப்பலில் அது எப்போது கிடைக்கும் எப்போது கிடைக்காது என்று யாருக்கும் தெரியவில்லை, கிடைத்தாலும் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு ஸ்பீக்கரில் போடு என்பார், அவரை வைத்துக்கொண்டே அவரைப் பற்றி என்னத்தைப் பேசுவது. நாளைக் காலையில் இறங்குகிறோம், இறங்கின கையோடு தபாலில் சேர்த்துவிடுவேன்.

முதலில் நல்ல சேதி. அறை சின்னதுதான், ஆனால் ஒரு குறை சொல்ல முடியாது, கட்டிலுக்கு அடியில் பெட்டி வைக்கக்கூட இடம் விட்டிருக்கிறார்கள். தினமும் படுக்கை விரிப்பை மாற்றுகிறார்கள், இத்தனை வருஷம் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் குப்பை கொட்டினவள் நான், மூலை மடிப்பைப் பார்த்தால் கை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுவேன், இவர்கள் கை சுத்தமான கை. அப்பா வந்த அன்றைக்கே லிப்டில் ஏறி மேலும் கீழுமாகப் போய் வந்தார், நானும் சாப்பிடத்தான் கூட்டிப் போகிறார் என்று பின்னால் ஏறி முட்டாளாக நின்றேன், மனுஷன் காதைச் சுவரில் வைத்து மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தார். லிப்ட் மெக்கானிக் ரிட்டயர் ஆனாலும் காது ரிட்டயர் ஆகாது போலிருக்கிறது. மூன்றாவது லிப்டுக்கு எண்ணெய் போடவேண்டும் என்று வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணிடம் சொன்னார், அவள் சிரித்தபடி எழுதிக்கொண்டாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் ஒரு மனுஷியிடம் தானாக வாயைத் திறந்து பேசினதை அன்றைக்குத்தான் பார்த்தேன், இந்தப் பயணத்தை ஏற்பாடு பண்ணின உனக்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

ஆனால் பாப்பா, நீயும் நானும் போட்ட கணக்கு ஒன்று, நடந்தது ஒன்று. ஓடுறதுக்கு இடமே இல்லாத இடமாப் பாத்திருக்கேன்மா, சுத்தி தண்ணிதான், மைதானம் ஞாபகமே அப்பாவுக்கு வராது என்று நீ சொன்னாய். டிக்கெட் போட்டுக் கொடுத்தவரிடம் நீச்சல் குளம் இருக்கிறதா, நாடகம் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டோம், இதை மட்டும் கேட்கத் தோன்றவில்லை. கப்பலின் உச்சித் தளத்தில் சுற்றிவர ஓடுவதற்கென்றே ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். நம் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் இருக்கிற மாதிரியே செம்மண் நிறம், நடுவில் வெள்ளைக்கோடு, உள்பக்கம் நடப்பவர்களுக்கு, வெளிப்பக்கம் ஓடுபவர்களுக்கு. அது போதாதென்று எங்களுக்குக் கொடுத்த அறை நேராக அதற்குக் கீழே. முதல் நாள் விடிந்ததும் விடியாததுமாக எங்கள் தலைக்கு மேலே தட் தட் தட் என்று யாரோ ஓடிப் போனார்கள். நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அறையை மாற்றித் தரச் சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்று எழுந்து செருப்பைத் தேடினார்.

உன் தம்பி செத்துப் போன அன்றைக்கு நீ ஊரில் இல்லை, வந்து இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது, அதனால் உனக்கு நான் முழுசாகச் சொன்னதில்லை, இப்போது சொல்லாமல் மேலே எழுத முடியாது. மைதானத்தில் அப்பா நடப்பார், தம்பி ஓடுவான், அது உனக்குத் தெரியும். பின்னால் காலடி கேட்டதும் அப்பா ஒதுங்குவார், பெரிசு வழி விடு என்று கேலி பண்ணிக்கொண்டே அவன் தாண்டிப் போவான். அன்றைக்கும் காலடி நெருங்கி வந்திருக்கிறது, அப்பாவும் ஒதுங்கியிருக்கிறார், ஆனால் யாரும் தாண்டிப் போகவில்லை. பயல் பின்னாலேயே பதுங்கி வந்து பயமுறுத்தப் பார்க்கிறான் என்று நினைத்து இவர் திரும்பாமலே நடந்திருக்கிறார், சிரித்துக்கொண்டே நடந்தேன் என்று ஒரே ஒரு தடவை சுவரைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார். வளைவு திரும்பி எதிர்ப்பக்கம் வந்த பிறகுதான் பின்னால் அவன் விழுந்த இடத்தில் ஆட்கள் கூடி நிற்பது தெரிந்திருக்கிறது. உடனே திரும்பிப் பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது, இதயம் ஒரே அடியாக நின்றுவிட்டது என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார், அது அவர் காதில் ஏறவேயில்லை. அதற்குப் பிறகு அவர் நடப்பதை விட்டது, கால் விரல்கள் கறுத்தது, இப்படியே உட்கார்ந்திருந்தால் முதலில் விரலை எடுக்கணும் அப்புறம் காலையே எடுக்கவேண்டி வரும் என்று கால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது, எல்லாம் நீ அறிந்ததுதானே.

அந்த மனுஷன் இங்கே நடக்க ஆரம்பித்துவிட்டார். கெஞ்சியும் நடக்காதவர், திட்டியும் நடக்காதவர், காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை. நான் சந்தோஷப்பட்டு உனக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று மேலே போனேன். கப்பலின் முன்பக்க வளைவில் ஒரு கறுப்புக் கண்ணாடிச் சுவர் வருகிறது, அந்த இடத்துக்கு வந்ததும் அப்பா சட்டென்று ஓரமாக ஒதுங்கினார், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், யாருக்கோ வழிவிட்ட மாதிரி கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் பிறகு நடந்தார். பின்னால் ஒருத்தரும் இல்லை. அடுத்த சுற்றிலும் அதே இடம், அதே மாதிரி. அதற்கடுத்த சுற்றிலும். என் கையில் போன் இருந்தது, படம் எடுக்கவில்லை. எங்களோடு சாப்பாட்டு மேசையில் உட்காரும் பல் டாக்டர் ஒருவர், காலை மாலை ஓடுகிறவர், உங்க வீட்டுக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தமா, நான் வராதப்பவே ஒதுங்குறார், வர்றப்ப குறுக்க நிக்கிறார் என்று சிரித்தார். காது பாம்புக் காது, உங்க பல்லைப் பாத்துக்கோங்க என்று சொல்லிவிட்டேன், பாவம், அதற்கப்புறம் அவர் எங்களிடம் சிரிப்பதேயில்லை.

நான் என்ன செய்வேன் சொல்லு. நடக்காதீங்க என்று தடுத்தால் கால் போய்விடும், நடக்கட்டும் என்று விட்டால் புத்தி போய்விடுமோ என்று பயம். தினமும் குளித்துவிட்டு வந்ததும் அவர் காலை என் மடியில் தூக்கி வைத்துப் பார்க்கிறேன், ஜில்லென்று கிடந்த பாதம் சூடாக இருக்கிறது, விரலில் நிறம் வந்திருக்கிறது. அந்தச் சூட்டைத் தொடும்போது சந்தோஷமாகவும் இருக்கிறது, அது எங்கிருந்து வருகிறது என்று நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. ஒரு மத்தியானம் அப்பா தூங்கும்போது நானே மேலே போய் நடந்து பார்த்தேன். ஒரு நாள் இந்தப் பக்கமாகச் சுற்றணும் மறுநாள் அந்தப் பக்கமாகச் சுற்றணும் என்று இங்கே ஒரு சட்டம், அம்புக்குறி போட்ட பலகையை நான் கவனிக்காமல் எதிர்த்திசையில் போய் இரண்டு பேர் மேல் மோதி, அசடு வழிந்துகொண்டு திரும்பினேன். முன்பக்க வளைவுக்கு வந்தேன். கேட்டது பாப்பா. பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம், ஒரே சீராக, பாரம் குறைந்த பையன் கால் சத்தம். நான் யோசிக்கவேயில்லை, என் கால் தானாக ஒதுங்கியது. யாரும் தாண்டிப் போகவில்லை. திரும்பிப் பார்த்தால் காலிப் பாதை, அதற்கப்பால் கடல். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஆனால் நான் விடுகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும். உள்பக்கமாகச் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் ஜிம், நின்ற இடத்திலேயே ஓடுகிற மிஷின்கள் வரிசையாக, ஒன்றில் ஒரு பெண்பிள்ளை காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க ஓடிக்கொண்டிருந்தாள். சுவரில் காற்றுப் போக விட்ட வழியாகத்தான் சத்தம் வெளியே வந்திருக்கிறது. ஓடுகிறாள், ஓடுகிறாள், எங்கேயும் போய்ச் சேரவில்லை. அட, இவ்வளவுதானா என்று முதலில் சிரிப்பு வந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன், பிறகு அழுதேன். எதற்கு அழுதேன் தெரியுமா, அது அவன் இல்லை என்று தெரிந்துவிட்டதே, அதற்கு.

இதை அப்பாவிடம் சொல்லலாமா கூடாதா என்று ஒரு நாள் முழுக்க வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். சொன்னால் நடப்பதை நிறுத்திவிடுவார் என்று பயம், சொல்லாமல் ஏமாற்றவும் மனசில்லை. கடைசியில் டீ குடிக்கும்போது, அந்த வளைவில் கேட்பது ஜிம் மிஷின் சத்தம், நான் பார்த்துவிட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டேன். அவர் கோப்பையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"மிஷின் சத்தம் எனக்குத் தெரியாதா? மொத நாளே கண்ணாடியில கைய வச்சி எட்டிப் பாத்துட்டேன்" என்றார்.

பிறகு எதற்கு ஒதுங்குகிறீர்கள் என்று கேட்டேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கடலைப் பார்த்தார். "அந்தச் சத்தம் கேட்டா ஒதுங்கணும்னு காலுக்குத் தோணுது. ஒதுங்கி, திரும்பிப் பாத்துட்டேன்னா, அடுத்த அடி வைக்க முடியுது. அன்னிக்கு நான் திரும்பல. அவ்வளவுதான், பைத்தியம் இல்ல, பயப்படாத" என்றார். எனக்கு மலையை இறக்கி வைத்த மாதிரி ஆயிற்று. நான் இவரைப் பற்றி என்னென்னவோ நினைத்திருக்க, மனுஷன் எல்லாம் தெரிந்தேதான் நடந்திருக்கிறார். அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து நடந்தோம், வளைவு வந்ததும் அவர் ஒதுங்கினார், நானும் ஒதுங்கினேன், மிஷினுக்கு வழி விட்ட ஒரே குடும்பம் நாமதான் என்றேன், சிரித்தார்.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன் பாப்பா, வீட்டுக்குப் போய்ப் போனிலேயே சொல்லியிருப்பேன். இன்றைக்குக் கடைசி நாள், எல்லாரும் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்கள். காலையில் டீ வாங்கப் போகும்போது ஜிம் கதவில் மூடியிருக்கிறது என்று பலகை தொங்கியது, கதவு திறந்துதான் கிடந்தது, உள்ளே இரண்டு ஆட்கள் மிஷின்களின் மின்சார ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு எல்லாவற்றையும் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பயணத்துக்குள் பழுது பார்க்கவாம். ஐயோ, இன்றைக்குச் சத்தம் இருக்காதே, இவர் வளைவில் தடுமாறுவாரே என்று எனக்குக் கவலை. அப்பா அந்தக் கதவுப் பக்கம் வரவில்லை, அறையிலிருந்து நேராக லிப்டில் மேலே வந்துவிட்டார், அவருக்கு இது தெரியாது. சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டார். பாதையில் எங்களைத் தவிர யாரும் இல்லை, பல் டாக்டர்கூட இல்லை. நான் நாலு அடி பின்னால் போனேன். வளைவு வந்தது.

கேட்டது. எனக்கும் பின்னாலிருந்து வந்தது, அதே சீராக, அதே பாரம் குறைந்த கால். அப்பா ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன். எங்கள் பக்கத்தில் ஒரு மூச்சு நேரம் நின்ற மாதிரி இருந்தது, பிறகு இல்லை. அப்பா திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சிரித்து, "கடைசி நாள்னு கூடப் பாக்காம எவனோ மிஷின்ல ஓடுறான் பாரு" என்றார். நான் கண்ணாடிச் சுவரைப் பார்த்தேன், உள்ளே வெள்ளைத் துணிகள் வரிசையாக அசையாமல் தெரிந்தன. "ஆமா, எவனோ ஓடுறான்" என்றேன். அவர் நடந்தார், நானும் பின்னாலேயே நடந்தேன், அவருக்குத் தெரியாமல் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பயமாக இருந்ததா என்று கேட்பாய். இருந்தது. அந்தப் பயத்தை யாராவது என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போக வந்தாலும் கொடுக்கமாட்டேன்.

சாயங்காலம் பெட்டி கட்டும்போது அவரே சொன்னார், வீட்டுக்குப் போனதும் மைதானத்துக்குப் போகப் போகிறாராம், காலை வெயில் ஏறுவதற்கு முன்னால். சரி என்றேன். அங்கே மிஷின் எதுவும் இல்லையே, எந்தச் சத்தத்துக்கு ஒதுங்குவீர்கள் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. ஜிம் மூடியிருந்ததை அவரிடம் மூச்சு விடாதே, இது உனக்கும் எனக்கும் மட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி வேலை முடிந்து தனியாக நடந்து வராதே, மாப்பிள்ளையை வந்து கூட்டிப் போகச் சொல்லு, அவரை நான் விசாரித்ததாகவும் சொல்லு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் நிறைந்து வாழவேண்டும், என் ஆயுசையும் சேர்த்து வாழவேண்டும். லீவு கிடைத்து வரும்போது அப்பாவோடு ஒரு நாளாவது மைதானத்துக்குப் போ. பின்னால் வராதே, பக்கத்தில் நட. அவர் ஒதுங்கினால் ஏன் என்று கேட்காமல் நீயும் ஒதுங்கு, உன் தம்பி தாண்டிப் போகட்டும்.

ஆசிகளோடு,
உன் அம்மா