அழித்துப் போட்ட கோடு

மார்ச் 2

அண்ணன் கூப்பிட்டான். சாட்டிலைட் போனில் அரை நிமிடம். "பதினோராவது புள்ளிம்மா. நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். அம்மா சுவரில் மாட்டியிருக்கும் கடல் மேப்பில் சிவப்புக் குண்டூசியை இரண்டு புள்ளி தள்ளிக் குத்தினாள். அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அம்மாவுக்குப் புரியாது என்று அவன் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. பாய்ப்படகை வாங்கியவரிடம் கடல் தாண்டி ஓட்டிப்போய் ஒப்படைப்பது அவன் வேலை. இந்த முறை தனியாக. கிளம்புமுன் பென்சிலால் வழியை வரைந்து, நாளுக்கு ஒரு புள்ளி வைத்தான்.

இந்த நோட்டுக்கு மட்டும் தெரிந்த விஷயம்: சுவரில் இருக்கும் கோடு அவனுடையது இல்லை. இரண்டு துறைமுகமும் ஒரே மட்டத்தில் இருக்க, அவன் கோடு நடுவில் மேலே வளைந்துபோனது. அவசரத்தில் கை கோணிவிட்டது என்று நினைத்தேன். அவன் கிளம்பிய மறுநாள் அம்மா வேலைக்குப் போனதும் அழித்துவிட்டு நேராகப் போட்டேன். புள்ளிகளையும் நேர் கீழே இறக்கினேன். அவன் என்னைக் கூப்பிடுவதே ஸ்கேல் என்றுதான். "ஏய் ஸ்கேல், மேப்ப நோண்டின, தொலைச்சிடுவேன்." வரட்டும், திட்டட்டும்.

மார்ச் 5

கூப்பிடவில்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை கூப்பிடுகிறவன், நேற்றே கூப்பிட்டிருக்க வேண்டும்.

மார்ச் 7

கடல் மீட்பு அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஷூவை வாசலிலேயே கழற்றினார். படகு வாங்கியவரிடம் வழித்திட்டம் எதுவும் இல்லையாம். மேப்பை வெகுநேரம் பார்த்தார்.

"வழக்கமா இப்படி நேரா போக மாட்டாங்களே. இது அவரே போட்டதாம்மா?"

"அவன்தான் சார். நான் பக்கத்துலயே நின்னு பாத்தேன்."

அம்மா பொய் சொல்லவில்லை. அவன் வரைந்ததைப் பார்த்தாள்தான். ஊசியைத் தவிர வேறு எதுவும் அவள் கண்ணில் படுவதில்லை. நான் கதவோரம் நின்றேன். கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஏன் பயந்தேன் என்றே தெரியவில்லை. கோட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனார். பதினோராவது புள்ளியைச் சுற்றித் தேடுவார்களாம்.

மார்ச் 9

கணக்கு டீச்சருக்கு நாங்கள் வைத்த பேர் கோணமானி. முக்கோணத்தின் மூன்று கோணமும் சேர்ந்தால் நூற்றெண்பது என்று முடித்தார். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, "எப்பவுமேவா டீச்சர்?" என்று இழுத்தாள். வம்புக்குக் கேட்டதுதான். டீச்சர் விளையாட்டு அறையிலிருந்து பந்து எடுத்துவரச் சொன்னார். அதன் உச்சியிலிருந்து நடுவரை ஒரு கோடு, நடுவில் கால் சுற்று, திரும்ப உச்சிக்கு ஒரு கோடு. மூன்று மூலையும் செங்கோணம். இருநூற்றெழுபது.

"இதுக்குக் கோள வடிவியல்னு பேரு. பந்துமேல நேர்கோடே கிடையாது. பந்தைச் சரிபாதியா வெட்டுற பெரிய வட்டம் இருக்கே, அதோட துண்டுதான் அங்க குறுக்குவழி. நட்சத்திரத்தை அளக்கிறவங்க, விமானம் ஓட்டுறவங்க, கப்பல்காரங்க, எல்லாருக்கும் இந்தக் கணக்குதான். அந்த வழியைத் தட்டையான மேப்ல போட்டா வளைஞ்சுதான் தெரியும்."

"கோணமானியே கோணலாப் பேசுது" என்று பக்கத்தில் இருந்தவள் கிசுகிசுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் நோட்டின் ஓரத்தில் அண்ணன் போட்ட கோட்டை நினைவிலிருந்து வரைந்தேன்.

அவன் கை கோணவில்லை.

மார்ச் 10

நூலகத்தில் உலக உருண்டை இருக்கிறது. இரண்டு துறைமுகத்திலும் விரலை வைத்து நூலை இழுத்துப் பிடித்தேன். என் நேர்கோட்டில் அது நிற்கவே மாட்டேன் என்றது. தானாக மேலே வழுக்கி ஏறியது. திரும்பத் திரும்பக் கீழே தள்ளினேன். திரும்பத் திரும்ப ஏறியது.

நடுவில் இடைவெளி ஒரு சென்டிமீட்டர். கணக்குப் போட்டேன். நானூறு கிலோமீட்டருக்கு மேல்.

வெறும் கடலில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் போட்ட கடலில்.

வந்தவுடன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடிவந்தேன். அம்மா வேலைக்குப் போகாமல் மேப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே, "அவன் கையால போட்டது. இதைத் தொட்டுக்கிட்டுதான்டி உசுரோட இருக்கேன்" என்றாள்.

எப்படிச் சொல்ல? எந்த வாயால்?

மார்ச் 11

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 12

நாளையோடு தேடலை நிறுத்துகிறார்களாம். அதிகாரி போனில் சொன்னார். அம்மா போனைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட்டேன். "அது நான் போட்ட கோடும்மா. அவன் போட்டதை அழிச்சிட்டேன்." அடிப்பாள் என்று நின்றேன். அடிக்கவில்லை. மேப்பின் பக்கம் திரும்பினாள்.

அவன் எப்போதும் அழுத்தித்தான் எழுதுவான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்ததும் காகிதத்தில் பள்ளம் தெரிந்தது. வளைவு. அதன்மேல் அவன் குத்திய புள்ளிகள். அம்மா டார்ச்சைப் பிடித்துக்கொண்டாள், நான் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். வளைவு வெள்ளையாக எழுந்து வந்தது.

படத்தை அனுப்பினோம். அதிகாரி உடனே கூப்பிட்டார். "எப்பம்மா இது தெரிஞ்சுது?"

"இன்னிக்குத்தான் சார்" என்றேன் நான்.

மார்ச் 14

படகு கிடைத்தது. வளைவில், பதினோராவது புள்ளிக்குச் சற்றுத் தள்ளி. பாய்மரம் முறிந்து கிடந்ததாம்.

உள்ளேதான் இருந்தான்.

மார்ச் 18

பிளாஸ்டிக் உறையில் அவன் நோட்டைக் கொடுத்தார்கள். பாய்மரம் விழுந்து இடுப்பு போயிருக்கிறது. போனில் உப்புத்தண்ணீர். அப்புறமும் நாள் தவறாமல் எழுதியிருக்கிறான். கையெழுத்து தேய்ந்துகொண்டே வருகிறது.

மார்ச் 10-க்கு இப்படி: "பதினோராவது புள்ளியை விட்டு அதிகம் நகரவில்லை. ஸ்கேல் மேப்பைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வருவார்கள்."

மார்ச் 11-க்கு: "தண்ணீர் தீர்ந்தது."

அப்புறம் எல்லாம் வெள்ளைப் பக்கம்.

அம்மா படித்துவிட்டு என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "உனக்குத் தெரிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டியே. நீ சொல்லலேன்னா உடம்புகூடக் கிடைச்சிருக்காதுடி." வந்தவர்களிடமெல்லாம் அதையே சொல்கிறாள். சொல்லும்போதெல்லாம் என் கையைப் பிடித்துக்கொள்கிறாள்.

எனக்கு உண்மை தெரிந்த ஒன்பதாம் தேதி இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

கிழிக்கலாம் என்று எடுத்தேன். அழித்துப் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அம்மா தூங்குகிறாள். அவள் தலைமாட்டில் அவன் நோட்டு இருக்கிறது. இதை அதன்மேல் வைத்துவிட்டு வந்து படுக்கிறேன்.