பாபா நேமாவாக இருந்த என் அப்பாவுக்கு

எவ்வளவு கோபம் வந்தாலும் வாயில் அப்பா என்றுதான் வருகிறது. அதனால், என் பாசமுள்ள அப்பா,

நீங்கள் போனபிறகு நான் வேலைக்கு வந்த தோஹாவில், நஜ்மா ஏரியாவில் என் ரூமில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் லீவு போட்டுவிட்டு நான் எங்கே போய் வந்தேன் என்று தெரிந்தால் உங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். தான்சானியா. உங்கள் இன்னொரு ஊர்.

நீங்கள் இங்கே ராஸ் லஃபான் பிளாண்ட் கேம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, பெட்டியில் ஊர் வந்து சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் இன்னும் அதே பாட்டுதான். "பாவம், அவருக்கு லீவே குடுக்க மாட்டானுவ. பிளாண்டுல ஒண்ணுன்னா இவருதான் வேணும்." நானும் அப்படித்தான் நம்பினேன். "இந்தவாட்டியும் ஷட்டவுன் மக்களே, லீவு மாஃபி" என்று போனில் சொல்வீர்கள். இல்லை என்பதை அரபியில் சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள். நானும் கூடச் சிரிப்பேன், பைத்தியக்காரி.

உங்களோடு ஒரே ரூமில் இருந்த சேவியர் மாமாதான் போட்டு உடைத்தார். சர்ச் வாசலில் பார்த்தபோது, நான் கேட்காமலே. "லீவெல்லாம் கெடச்சதுல்லா. ஒனக்குத் தெரியாதா பிள்ளே? நம்ம சர்ச்சுலேந்து ஆப்பிரிக்காவுல கெணறு வெட்ட, பம்பு மாட்டன்னு ஒரு கூட்டம் போவும். ஒங்கப்பன் ஒரு வருசமும் விடாம போனானே."

பொம்பளை விஷயம் என்று முடிவு கட்டினேன். சேவை செய்யப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, சண்டை போடுவதற்கென்றே அந்தக் கூட்டத்தில் பேர் கொடுத்தேன். சேவியர் மாமாவும் கூட வந்தார்.

நீங்கள் போய்வந்த ஊரில் நான் யார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் என்ன வரவேற்பு அப்பா! ரோட்டிலேயே பெண்கள் வந்து நின்று குலவையிட்டார்கள். என் பையை நான் தூக்க விடவில்லை. கையில் தண்ணீர் ஊற்றி, பாயில் உட்காரவைத்து, சோளக் களியும் கோழியும் வைத்தார்கள். நம் வீட்டில் என் கல்யாணத்துக்குக்கூட அப்படி ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டதில்லை. நீங்கள்தான் அதற்கும் வரவில்லையே.

சாப்பிட்டுக் கை கழுவப் போன இடத்தில் நீங்கள் மாட்டிய பம்பு. அதன் சுவரில் நீலப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருந்தது: பாபா நேமா. அங்கே பாபா என்றால் அப்பா. பிள்ளை பெற்றவர்களைப் பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நேமாவின் அப்பா.

"யார் நேமா?" என்று கேட்டேன். ஏழெட்டு வயதில் ஒரு பெண் ஓடி வந்து நின்றாள். உங்கள் மூக்கு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. வேறு எதுவும் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

அவளுடைய அம்மா பள்ளிக்கூட டீச்சர், இங்கிலீஷ் பேசுவாள். சிரித்துக்கொண்டே சொன்னாள். "இவ வயித்துல இருக்கும்போதே இவ அப்பா இறந்துட்டார். அந்த நேரம் இந்தப் பம்பு மாட்டினவர் வந்தார். பிள்ளை இல்லாத மனுஷன், எந்தப் பெயரால கூப்பிடுவோம்? பெரியவங்க பேசி எங்க பிள்ளை பெயரைக் கொடுத்தாங்க. நீங்க அவரோட வேலை பார்த்தவங்களா? பாவம், அவருக்கு யாருமே இல்லை."

நான் சேவியர் மாமாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கேட்டபோது சொன்னார். "மொத வருசம் ரெண்டு பேரையும் நிறுத்திக் கேட்டாவ, வீட்டுல பிள்ளை உண்டான்னு. நான் ரெண்டுன்னேன். ஒரு கெழவி என்னைய ஏசுனா பாரு, பிள்ளையள விட்டுட்டு இங்க என்னல மண்ணத் தோண்டுதன்னு. ஒரு வாரத்துல பஸ் ஏத்தி அனுப்பிட்டாவ. அதப் பாத்துட்டுத்தான் ஒங்கப்பன் யாரும் இல்லன்னு சொல்லிட்டான். நான் என்னத்தச் சொல்ல?"

ஒரு பொம்பளை இருந்திருந்தால் மன்னித்திருப்பேன் அப்பா. சத்தியமாக. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த ஊரே உங்களை எங்களிடம் அனுப்பி வைத்திருக்கும். அவர்கள் அவ்வளவு நல்லவர்கள். எங்களிடம் வராமல் இருக்கத்தானே என்னை இல்லாமல் ஆக்கினீர்கள்? வீட்டில் கூரை ஒழுகியது, அம்மா புலம்பினாள், நான் எதையாவது கேட்டேன். அங்கே குலவை. அவ்வளவுதானா காரணம்?

மறுநாள் அந்த ஊர்ச் சர்ச்சில் எல்லாரும் இருக்கும்போது எழுந்து சொன்னேன். "நான் அவரோட மகள்."

 டீச்சர் என் முன்னால் வந்து மண்டியிட்டாள். "தெரியாம உன் பங்கை நாங்க சாப்பிட்டுட்டோம்" என்றாள். அழுதாள். உங்களுக்காக மன்னிப்புக் கேட்க உலகத்தில் அவள் ஒருத்திதான் முன்வந்திருக்கிறாள். சுவரில் உள்ள பெயரை மாற்றட்டுமா என்றும் அவளே கேட்டாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தக் குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. அதுவும் எனக்குத் தெரிந்தது.

"மாத்துங்க" என்றேன்.

ஊர்ப் பிள்ளைகளில் நல்ல கையெழுத்து நேமாவுக்குத்தான். அதனால் டீச்சர் அவளிடமே பிரஷ்ஷைக் கொடுத்தாள். அவள் தன் பெயரின் மேல் தானே சுண்ணாம்பு அடித்தாள். காய்ந்ததும் நீலப் பெயிண்டைத் தொட்டுக்கொண்டு, என் பெயரை எப்படி எழுதவேண்டும் என்று கேட்டாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன். கடைசி எழுத்துக்கு அப்புறம் திரும்பி, "அப்போ அவர் எனக்கு யார்?" என்றாள். டீச்சர் அதை எனக்கு இங்கிலீஷில் சொல்லிவிட்டு நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தாள்.

நான் சொன்னேன். "யாரும் இல்லை." நீங்கள் என்னைப் பற்றிச் சொன்ன அதே வார்த்தைதான்.

அவள் அழவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் கிளம்பும்போது வழியனுப்ப எல்லாரும் வந்தார்கள், அவளைத் தவிர.

நேற்று அம்மா போனில், "அந்தக் கம்பெனியில ஒங்கப்பாவ எப்பிடி வச்சிருந்தாவளாம்?" என்று கேட்டாள். "ராசா மாதிரி" என்றேன், எந்த ஊரில் என்று சொல்லாமல். மற்றதை அவளிடம் சொல்ல மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு. உங்களைக் காப்பாற்ற இல்லை, அவளுக்காக.

இப்படிக்கு,
இப்போது அந்த ஊரிலும் உங்கள் ஒரே மகள்,
ஜென்சி